முதல் பூவைத் தொடும் கை

நான் ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன். இருபது வருஷங்களுக்கும் மேலாகிறது. ராயக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் விதைக்காகத் தக்காளி வளர்த்த வயல்களில், அந்த வருஷம் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. கோளாறு செடியில்தான் என்பதை நுண்ணோக்கி வழியே என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்த பிறகு, மகரந்தம் வைத்த பெண்களின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவரைத் தேடிப் போன நான்கு நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவரை ரத்னம்மா என்று அழைக்கப் போகிறேன். அது அவருடைய பெயர் அல்ல. ஊர்களையும் கொஞ்சம் கலைத்திருக்கிறேன். காரணம் படிக்கும்போது தெரியும்.

போவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. என் தங்கை மகன் கணேசன் ஓசூரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருந்தான். ஓசூரிலிருந்து வந்த அழைப்பு எதற்கும் நான் இதுவரை போனதில்லை. நாகர்கோவிலிலிருந்து தூரம் என்பேன், முதுகுவலி என்பேன். இந்தத் தை மாதம் எனக்கு எழுபத்தாறு முடிந்தது. பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் பழைய புகைப்பட உறை ஒன்றை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஓசூரில் இறங்கியபோது விடிந்திருந்தது. குளிர் எலும்புக்குள் போனது. எங்கள் ஊரில் தை மாதத்திலும் மேல்துண்டு போதும். இங்கே ஆட்டோக்காரர்கள் காதை மறைத்துக் குல்லாய் போட்டிருந்தார்கள். கணேசனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, மூடிய கண்ணாடிக்குள் தூங்கும் முகங்களோடு எங்களை உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் அவன் இடுப்பை இறுகப் பிடித்தேன். "மாமா, மூச்சு முட்டுது, கொஞ்சம் லூசா பிடிங்க" என்றான்.

அவன் குடியிருக்கும் பகுதியில் உள்ளூர்க்காரர் என்று யாரும் இல்லை. பக்கத்து வீடு தூத்துக்குடி, எதிர்வீடு அரியலூர், மாடியில் ஒரிசாப் பையன்கள். காலையில் தட்டு இட்லி வாங்கி வந்தான். இட்லி சாப்பாட்டுத் தட்டு அகலம். சாம்பார் இனித்தது. முகத்தைச் சுளித்தேன். "இந்த ஊர்ல சாம்பாருக்கே ரெண்டு மூணு பாஷை தெரியும் மாமா, பழகிக்கிடணும்" என்று சிரித்தான். விழா நன்றாக நடந்தது. எல்லாரும் என்னைப் பேராசிரியர் மாமா என்று காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் செய்ய உயர்த்திய கை எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஒரு பழைய ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ராயக்கோட்டைப் பேருந்தில் ஏறினேன்.

சானமாவு காட்டுக்குள் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் நான்கைந்து லாரிகளும் நின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "ஆனை நிக்குது. அதுங்க தாண்டினாதான் நாம போறது. யாரும் கீழ எறங்காதீங்க" என்று நடத்துநர் சொன்னார். யானை கண்ணுக்குத் தெரியவில்லை. மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை எதிலாவது ஈடுபடுத்த வேண்டுமென்று புகைப்பட உறையைத் திறந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள், சந்தையில் விற்று மீந்த கொத்தமல்லிக் கட்டுகளை மடியில் வைத்திருந்தார். எட்டிப் பார்த்து, "இன்னா படம்ங்க இது, மின்னலா?" என்றார்.

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் பச்சைக் கோடுகள் நெளிந்து இறங்கும் படம் அது. மின்னல்போலத்தான் இருக்கும். தக்காளிப் பூவின் உள்ளே எடுத்தது என்றேன். நம்பாமல் பார்த்தார். யானை போகும்வரை நேரம் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

மகரந்தத் தூள் பூவின் நடுக்காம்பு நுனியில் ஒட்டினால் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தத் தூள் முளைக்கிறது. மயிரிழையைவிட மெல்லிய குழல் ஒன்று அதிலிருந்து புறப்பட்டு, காம்புக்குள்ளேயே இறங்கி, அடியில் இருக்கும் சூலகத்துக்குப் போகிறது. அங்கே நிறையச் சூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சூலும் ஒரு விதையாக வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனை அளவில் ஒரு வாசல். குழலுக்குக் கண் கிடையாது. வாசலுக்கு உட்புறம், முட்டைக்குத் துணையாக இருக்கும் இரண்டு செல்கள் பெப்டைடு என்கிற சிறு புரதத் துணுக்குகளைக் கசியவிடுகின்றன. அவை எட்டிய இடத்தில் குழல் சட்டென்று திரும்பும். திரும்பி வாசலுக்குள் நுழைந்து வெடிக்கும். வழியில் வெடித்துவிடாமல் குழலைக் காப்பதற்கும், சேர்ந்த பிறகு வெடி என்று சொல்வதற்கும் வேறு பெப்டைடுகள் இருக்கின்றன. கரு உண்டானதும் அந்தச் சூலிலிருந்து அழைப்பு நின்றுவிடும். அடுத்த குழல் அங்கே வராது. நான் வகுப்பு எடுத்த காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அம்மாளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அழைப்பு வந்தால் குழல் உள்ளே போகும், இந்தப் படத்தில் குழல்கள் கீழே வரை வந்துவிட்டன, ஆனால் வாசலைத் தாண்டிச் சும்மா அலைகின்றன என்றேன்.

"வந்துட்டுது இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு உள்ள போவல?"

"கூப்பிடலம்மா."

"கூப்புடாத ஊட்டுக்கு எவன் போவான்" என்று சொல்லிவிட்டு அவர் கொத்தமல்லியின் மேல் தண்ணீர் தெளித்தார்.

இந்தப் பெண்மணிக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது அன்றைக்கு எனக்கும் புரிந்தது. அப்போது தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தேன். விதைக் கம்பெனி என்னை வயலுக்கு அழைத்துப் போனது. உதிரப் போகும் பூக்களை ரத்னம்மாதான் பறித்துக் கொடுத்தார். வெயில் என்று மோர் கொடுத்தார். பூக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஏதோ ஒரு பூவில் அல்ல, பார்த்த பூவிலெல்லாம் குழல்கள் கீழே வந்து சேர்ந்திருந்தன. அப்படியானால் மகரந்தம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. கைகள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. கம்பெனி கொடுத்த பெண் செடியின் விதையில்தான் ஏதோ பிசகு. அந்தப் பெப்டைடுதான் அதில் இல்லையா என்று நான் சோதித்ததில்லை, சோதிக்கவும் தெரியாது. ஆனால் குழல் வந்ததா இல்லையா என்பதற்குப் பெப்டைடு தெரிய வேண்டியதில்லை. அறிவியல் அப்போது வளரவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு பல வருஷம் வாழ்ந்தேன். அதுவும் பொய்தான்.

ஏன் அப்படி எழுதினேன்? அந்தப் படங்களை எடுத்த நுண்ணோக்கியே கம்பெனி எங்கள் துறைக்குக் கொடுத்தது. அறிக்கை எழுதும் முன்பே வந்து இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் வெகு சில கல்லூரிகளில்தான் அப்போது அது இருந்தது. உண்மையைப் பார்க்க உதவிய கருவியை வைத்துக்கொள்வதற்காக உண்மையை மறைத்தேன். வேறு காரணம் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பேருந்து கிளம்பியது. ஊரில் இறங்கிப் பால் சொசைட்டியில் விசாரித்தேன். அங்கே கணக்கெழுதும் வெங்கடேசப்பா என்ற பெரியவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். ரத்னம்மா ஊரைவிட்டுப் போய் வெகுநாளாகிறது, ஜவளகிரி தாண்டித் தங்கச்சி ஊரில் இருக்கிறார் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நல்ல பொம்பளதான் சார். கை ராசியில்லாம போச்சு. அவுங்க தொட்ட பூ நிக்காது. நாங்களா சொல்லல, பெரிய சயின்டிஸ்ட்டே எழுதிக் குடுத்தாரு."

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் செடியின் மகரந்தத்தைப் பெண் செடிப் பூவில் வைக்கும் வேலையை இவர்கள் கிராசிங் என்பார்கள். முதல் நாள் மாலை மொட்டைப் பிரித்து உள்ளிருக்கும் மகரந்தப் பையை நீக்கிவிட வேண்டும். மறுநாள் காலை மகரந்தம் வைத்து, அடையாளத்துக்குப் பூவின் அடியிலிருக்கும் பச்சை இதழில் இரண்டைக் கிள்ள வேண்டும். பருவத்தின் முதல் பூவை எல்லாரும் தொட முடியாது. வரப்பில் கற்பூரம் ஏற்றி, கைராசி உள்ள பெண்ணை அழைத்துத் தொடச் செய்வார்கள். அதே பெண்ணை நாற்று நடவும், வளைகாப்பில் முதல் வளையல் போடவும் அழைப்பார்கள். அந்த ஊரில் ரத்னம்மா அப்படிப்பட்டவராக இருந்தார். நான் கவனக்குறைவு என்று எழுதினேன். ஊர் அதைக் கைராசி இல்லை என்று படித்தது. கவனத்தை மறுவருஷம் சரிசெய்து காட்டலாம். ராசியை என்ன செய்து காட்டுவது? கூடப்பிறந்த அண்ணன் மகளின் வளைகாப்புக்கே அவரைக் கூப்பிடவில்லை என்று வெங்கடேசப்பா சொன்னார்.

அந்த சயின்டிஸ்ட் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எழுந்து, தண்ணீருக்கு நன்றி சொல்லி, பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

இரவு முழுக்க அந்த வராந்தா என்னை விடவில்லை. மூன்றாம் நாள் பேருந்தில் போய்த் தளியில் இறங்கி, ஜவளகிரிப் பக்கம் போக ஓர் ஆட்டோ பிடித்தபோது, இன்று யார் எதிரிலும் மறைப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். ஓட்டுநர் சீனப்பா கன்னடத்தில் போனுக்கும், தெலுங்கில் எதிரே வந்த நண்பருக்கும், தமிழில் எனக்கும் பதில் சொன்னார். காட்டோரத்தில் சக்கரம் பஞ்சரானது. நான் இறங்கப் போனேன். "உள்ளயே குந்துங்க சார், ரெண்டு நாளா ஒத்தை ஆனை சுத்துது" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கி, விசிலடித்தபடி சக்கரத்தைக் கழற்றினார். சரளைக் கற்கள் சரியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

ஜவளகிரி டீக்கடையில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

களியும் கொள்ளுச் சாறும் கிடைத்தன. கடித்துச் சாப்பிடப் பார்த்தேன். "மெல்லாதீங்க, முழுங்கணும்" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்கள். முந்தைய நாள் கோழைத்தனத்துக்குப் பரிகாரம்போல எல்லாவற்றையும் சொன்னேன். பூ உதிர்ந்தது, அறிக்கை, கைராசி, அவர் ஊரைவிட்டு வந்தது, எல்லாம் என் பொய்யால்தான் என்பது. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது. அந்த லேசைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

"கிராசிங் ரத்னம்மக்காவா?" என்று ஒருவர் கேட்டார். "அவுங்களுக்கு இப்பிடி ஒரு கதை இருக்குதுன்னு தெரியாதே."

ரத்னம்மா நிழல்வலை போட்ட சிறு வயலில் இருந்தார். அறுபது கடந்திருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "மோர் குடிச்ச சார்" என்றார். காலில் விழவா, கை கூப்பவா என்று தெரியாமல் நின்றபடியே சொன்னேன். படங்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. செடிகளை நூலில் கட்டிக்கொண்டே கேட்டார். பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்ற இடத்தில் மட்டும் நூல் நின்றது. எங்கள் பேச்சுக் கேட்டு வந்த அவர் மகன் வரப்பில் நின்றான். கையில் மண்வெட்டி. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி வேறு. "வழியில யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

டீக்கடையில் சொன்னேன் என்றேன்.

"யாரு யாரு இருந்தாங்க?"

ஏழெட்டுப் பேர், பெயர் தெரியாது என்றேன். அவர் நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"பதினெட்டு வருசமா இந்த ஊர்ல எனக்கு அந்தக் கதை கெடையாது சார். இங்க முதல் பூ நான்தான் தொடறேன். இங்க புள்ளைங்களுக்கு வளையல் போட்டிருக்கேன். என் கையால பூ கொட்டிச்சுன்னு ஒரு வார்த்தை இங்க வரக்கூடாதுன்னுதான் அந்த ஊர்க் கல்யாணத்துக்குக்கூட நான் போறதில்ல. நீங்க நல்லது பண்றேன்னு வந்து, ஆட்டோ வச்சுக் கொண்டாந்து எறக்கிட்டீங்க."

உங்கள் கையில் தவறில்லை என்றுதானே அவர்களிடம் சொன்னேன் என்று மெல்லச் சொன்னேன்.

"நீங்க சொன்னது உங்களுக்குத் தெரியும். அவுங்க கேட்டது பூ கொட்டிச்சுங்கறது மட்டும்தான்."

மகன் முதல்முறையாகப் பேசினான். "போகச் சொல்லும்மா." அவர் எழுந்து மறுபடி நூலை எடுத்தார். "எங்க தப்பா சொன்னீங்களோ அங்க போய் சொல்லுங்க சார். இங்க வேணாம்."

போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வரப்பில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் டீக்கடையில் அதே ஆட்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். சீனப்பா விசிலடிக்கவில்லை.

நான்காம் நாள் காலை, பால் ஊற்றும் நேரத்துக்கு ராயக்கோட்டைப் பக்கத்து ஊரின் சொசைட்டிக்குப் போனேன். கணேசனை வர வேண்டாம் என்றேன், கேட்காமல் வந்தான். போகும் வழியில் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டவன், கடைசியில், "அந்த மைக்ரோஸ்கோப்புல எனக்குக்கூட வெங்காயத் தோல் காட்டினீங்களே மாமா" என்றான்.

கேன்களோடு நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். எழுதி வந்ததைப் படித்தேன். வரி மாறி மாறிப் போனது. படங்களைக் கையோடு கை மாற்றிக் கொடுத்தேன். குழல் வந்து சேர்ந்த இடத்தை விரலால் காட்டினேன். பெண்களின் கை தன் வேலையைச் செய்துவிட்டது, செடி தன் வேலையைச் செய்யவில்லை, நான் அதைப் பார்த்தும் மாற்றி எழுதினேன் என்றேன்.

வெங்கடேசப்பா கண்ணாடியைக் கழற்றினார். "முந்தாநேத்து இதே நாற்காலியில குந்திக்கினு நான் சொன்னதையெல்லாம் கேட்டீங்களே. நீங்கதானா அது?"

ஆமாம் என்றேன்.

"ஆனைக்குப் பயந்தா அர்த்தம் இருக்குது. எங்களுக்கு எதுக்கு சார் பயந்தீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு விவசாயி சிரிக்கவில்லை. அந்த வருஷம் வயல் போனதால் அவர் தம்பி ஓசூருக்குக் காவல்காரர் வேலைக்குப் போனாராம், இன்னும் அங்கேதான் கேட் திறந்துவிடுகிறாராம். அவனுக்கும் ஒரு கடுதாசி படிப்பீங்களா என்று கேட்டார். படிப்பேன் என்றேன். முகவரி கேட்டேன். அவர் தரவில்லை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். கையெழுத்திட்ட தாளை, கொழுப்பு அளவு எழுதும் பலகைக்குப் பக்கத்தில் வெங்கடேசப்பா ஒட்டினார். வரிசை மறுபடி நகர்ந்தது. கம்பெனிக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை என்று உறை திரும்பி வந்தது.

மாசி மாதக் கடைசியில், நாகர்கோவிலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது.

"ராயக்கோட்டையிலருந்து ரெண்டு பேரு வந்தாங்க சார்" என்றார் ரத்னம்மா. "வெத்தல பாக்கு வச்சாங்க. இந்த வருசம் முதல் பூ நான்தான் வந்து தொடணுமாம். அண்ணன் மவளும் கூட வந்திருந்தா."

போனீர்களா என்று கேட்டேன்.

"என் வீடு இங்க இருக்குது சார். இங்க முந்தாநேத்து கற்பூரம் ஏத்துனாங்க." மாடு ஒன்று கத்துவது கேட்டது. "என்னைக் கூப்பிடல. வேற ஒரு பொண்ணு தொட்டுச்சு. என்னை ரெண்டாவது வரிசையில நிக்கச் சொன்னாங்க. மரியாதையாதான் சொன்னாங்க."

நான் கிளம்பி வந்து அங்கேயும் எல்லாரையும் கூட்டிச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். நீங்க சொல்லச் சொல்ல அது பெருசாவுது." பிறகு, போனை வைக்கப் போகிறவர்போல ஆரம்பித்து, வைக்காமல் சொன்னார். "ரெண்டாவது வரிசை முழுக்க நான்தான் தூள் வச்சேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட உதிரல."

பிஞ்சு பிடித்ததா என்பது தெரிய இன்னும் சில நாட்கள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போன் அணைந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறேன். அழைத்துக் கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.